சபை பாடும் ஆல்பம்: சொந்தப் பாடல்களை ஆராதனை ஆல்பமாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாட்டு எழுதும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, எந்த ஸ்டூடியோவுக்குப் போகலாம்?" அந்தக் கேள்வி வருவதற்கு முன் செய்து முடிக்க வேண்டிய வேலை மலைபோல் இருக்கிறது. அந்த வேலையைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

நான் ஒரு சிறிய சபையில் பல ஆண்டுகளாக ஆராதனை நடத்துகிறேன். இதுவரை இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டிருக்கிறேன். முதல் ஆல்பத்தில் எட்டுப் பாடல்கள். ஒலிப்பதிவு சுத்தமாக இருந்தது, கேட்டவர்கள் பாராட்டினார்கள். ஆனால் அதிலிருந்து ஒரு பாடலைக்கூட இன்று எங்கள் சபையே பாடுவதில்லை. இரண்டாவதில் ஆறு பாடல்கள்தான். அவற்றில் நான்கை என்னை யாரென்றே அறியாதவர்கள் ஜெபக் கூட்டங்களில் பாடுகிறார்கள். இடையில் நான் கற்றுக்கொண்டது இது: நீங்கள் மேடையில் இல்லாதபோதும், கீபோர்டு இல்லாதபோதும், மின்சாரம் போய்விட்ட நேரத்திலும் சபை பாடினால்தான் அது ஆராதனைப் பாடல். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு நோக்கத்துக்காகத்தான்.

படி 1: ஒரு ஆல்பத்தைப் பென்சிலோடு கேளுங்கள்

எழுதத் தொடங்குமுன், உலகம் முழுவதும் சபைகள் பாடும் ஒரு ஆல்பத்தை எடுத்துப் பாட்டுப் பாட்டாகப் பிரித்துப் பாருங்கள். நான் எடுத்துக்கொண்டது இங்கிலாந்தைச் சேர்ந்த மேட் ரெட்மன் 2011இல் வெளியிட்ட "10,000 ரீசன்ஸ்". மக்கள் கூடிப் பாடும்போதே நேரடியாகப் பதிவு செய்த ஆல்பம் அது. அதன் தலைப்புப் பாடலை அவரும் ஜோனஸ் மிரினும் சேர்ந்து எழுதினார்கள். அந்தப் பாடல் 2013இல் இரண்டு கிராமி விருதுகள் பெற்றது. விருதை விட எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் கட்டமைப்பு.

அது 103ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் நிற்கிறது: "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி." சங்கீதம் இந்த வாக்கியத்தில் தொடங்கி, 22ஆம் வசனத்தில் இதே வாக்கியத்தில்தான் முடிகிறது. பாடலும் அப்படியே கோரஸில் தொடங்கிக் கோரஸுக்கே திரும்புகிறது. சரணங்களில் முதலாவது விடியற்காலையைப் பாடுகிறது, இரண்டாவது கர்த்தரின் குணத்தைப் பாடுகிறது, மூன்றாவது பெலன் குன்றும் கடைசி நாளைப் பாடுகிறது. ஒரு காலையில் தொடங்கி ஒரு வாழ்நாளே முடிந்துவிடுகிறது. சரணத்துக்கு முன்பே கோரஸைப் பாடுவது ஆங்கிலப் பாடல்களில் அவ்வளவு வழக்கமல்ல. நமக்கோ அது தாய்வீடு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து நம் கீர்த்தனைகள் பல்லவியில்தான் தொடங்குகின்றன. முதல் வரியிலேயே சபை சேர்ந்துகொள்கிறது. மேற்கத்திய அமைப்பைப் பின்பற்றுகிறோம் என்று நினைத்து நாம் கைவிட்ட பல்லவியை ஒரு இங்கிலாந்துக்காரர் பாடலில் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நீங்கள் வேறு ஆல்பத்தை எடுத்தாலும் சரி. நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த வசனம், முதல் தடவை கேட்பவர் எத்தனையாவது நொடியில் சேர்ந்து பாட முடிகிறது, மிக உயர்ந்த ஸ்வரம் எந்தச் சொல்லில் விழுகிறது, சரணங்கள் நகர்கின்றனவா அல்லது ஒரே இடத்தில் நிற்கின்றனவா.

படி 2: வசனத்தில் ஒரு சொல்லைத் தேடுங்கள்

நம் ஆராதனைப் பாடல்களில் பலவற்றை இடம் மாற்றிப் பாடினாலும் வித்தியாசம் தெரியாது. "கண்ணீரைத் துடைத்தீர், புது பெலன் கொடுத்தீர், உயர்த்தி வைத்தீர்." ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் ஆயிரம் பேர் தொட்டுத் தேய்ந்த நாணயம் போல் ஆகிவிட்டன. இதற்கு மருந்து, வசனத்துக்குத் திரும்பிப் போய் அதில் உள்ள ஒரு சொல்லில் உட்கார்ந்துவிடுவது.

30ஆம் சங்கீதம் 5ஆம் வசனத்தைப் பாருங்கள்: "சாயங்காலத்தில் அழுகை தங்கும், விடியற்காலத்திலே களிப்புண்டாகும்." ஆண்டுக்கணக்கில் வாசித்த வசனம். ஒருநாள்தான் "தங்கும்" என்ற சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. எபிரெய மூலத்திலும் இரவு தங்குவது என்ற பொருள்தான். அழுகை வீட்டுக்காரர் அல்ல, அந்தியில் வந்து கதவைத் தட்டிய வழிப்போக்கர். இரவு தங்கிவிட்டுப் போய்விடுவார். என் முதல் வரைவில் "அழுகையை மாற்றினீர், ஆனந்தம் தந்தீர்" என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்:

அந்தியில் வந்த அழுகை
விடியுமுன் விடைபெறும்

முதல் வரியில் அந்தி, அழுகை. இரண்டாவதில் விடியல், விடை. மோனை தானாக வந்து அமர்ந்தது. மோனை ஒரு அலங்காரம் மட்டும் அல்ல. பாட்டுப் புத்தகம் இல்லாத ஒரு பெரியவர் அடுத்த சொல்லை நினைவில் பிடித்துக்கொள்ள அது கைப்பிடி.

யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கர்த்தர், தேவன், ஸ்தோத்திரம், பரிசுத்த ஆவியானவர் என்பவை சீர்திருத்தச் சபைகளின் நாவில் ஊறிய சொற்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் ஆண்டவர், கடவுள், போற்றி, தூய ஆவியார் என்பார்கள். சங்கீதம் அங்கே திருப்பாடல். இரண்டும் நம் சொத்து. ஒரே பாடலில் காரணமில்லாமல் கலந்தால் இரு பக்கமும் அந்நியமாகக் கேட்கும்.

படி 3: தமிழை மெட்டு கெடுக்காமல் பாருங்கள்

இந்தப் படியை அவசரமாகக் கடக்காதீர்கள். கிட்டாரில் மெட்டு முதலில் பிறந்து, சொல் பின்னால் வந்து பொருந்தும் பாடல்களில்தான் தவறுகள் அதிகம்.

முதலில் குறிலும் நெடிலும். "சமாதானம் தரும் தேவனே" என்று ஒரு வரி. சமாதானத்தைத் தருகிறவர் என்று துதிக்கிறோம். மெட்டு "த" என்ற எழுத்தில் இரண்டு தட்டு நின்றால் சபை "தாரும் தேவனே" என்று பாடும். துதி விண்ணப்பமாகிவிட்டது. இரண்டும் நல்ல ஜெபமே, ஆனால் நீங்கள் எழுதியது அது அல்ல. "விடுதலை"யின் முதல் எழுத்தை நீட்டினால் "வீடுதலை" என்ற பொருளில்லாத சொல் கேட்கும். ஆகவே நீளும் ஸ்வரங்களில் நெடிலையோ வரியின் கடைசி அசையையோ வையுங்கள்.

அடுத்தது நாம், நாங்கள். ஆங்கிலத்தில் இல்லாத இந்த வேறுபாடு தமிழின் செல்வம். தேவனிடம் பேசும்போது "நாங்கள் உம்மைத் துதிக்கிறோம்". அருகில் நிற்பவரை அழைக்கும்போது "நாம் அவரைத் துதிப்போம்". "நாம் உம்மைத் துதிக்கிறோம்" என்றால் துதிக்கிறவர்கள் பட்டியலில் தேவனையும் சேர்த்துவிடுகிறோம். யாரிடம் பேசுகிறது பாடல் என்பதை ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதிவைத்துப் பாருங்கள். பல்லவி உம்மை நோக்கியும், சரணம் அவரைப் பற்றியும், மூன்றாம் சரணம் மறுபடி உம்மை நோக்கியும் ஓடும். வேண்டுமென்றே செய்தால் அது அழகு; கவனிக்காமல் நடந்தால் குழப்பம்.

நீர், நீ என்பதிலும் ஒரே நிலையில் நில்லுங்கள். "நீர்" என்று தொடங்கிவிட்டு, தட்டு போதவில்லை என்பதற்காக "உன் கிருபை" என்று இறங்குவதை என் காது ஏற்பதில்லை.

படி 4: சபையின் தொண்டைக்கு மெட்டமையுங்கள்

என் முதல் ஆல்பம் தோற்றது இங்கேதான். எனக்கு உயர்ந்த குரல். பல்லவியின் உச்சத்தை என் குரல் மின்னும் இடத்தில் வைத்தேன். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, பாட்டு நன்றாக இருக்கிறது. அந்த இடம் வந்ததும் நாங்கள் வாயை மூடிக்கொண்டு உன்னைப் பார்க்கிறோம்" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்குப் போய் அழுதேன். கர்த்தரைப் பார்க்க வேண்டிய இடத்தில் அவர்கள் என்னைப் பார்த்திருக்கிறார்கள்.

பெண்கள் குரலுக்குக் கீபோர்டின் நடு சி-க்குக் கீழே உள்ள ஏ முதல், அடுத்த ஸ்தாயி சி-யைத் தாண்டிய டி வரை. ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். இந்த வேலிக்குள் மெட்டை அடக்குங்கள். உச்ச ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு இறங்கலாம், அங்கேயே குடியிருக்கக் கூடாது. ஒரே மூச்சில் பாட வேண்டிய வரி எட்டு தட்டுக்கு மேல் போனால் முதியவர்கள் நடுவில் விட்டுவிடுவார்கள்.

சோதிக்க ஒரு நல்ல இடம் சொல்கிறேன்: அதிகாலை ஜெபம். ஐந்து மணிக்கு எழுந்து வந்த தொண்டை பொய் சொல்லாது. மைக்கோ கீபோர்டோ வேண்டாம், கைத்தட்டலோடு பல்லவியை இரண்டு முறை பாடிக்காட்டுங்கள். மூன்றாவது முறை நீங்கள் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சபை தொடர்ந்தால் பாடல் பிழைத்தது. எந்த இடத்தில் குரல்கள் சிதறுகின்றனவோ அங்கே மெட்டில் பிழை. மூன்று வாரம் கழித்து, யாருக்கும் நினைவூட்டாமல் மறுபடி தொடங்குங்கள். எழுதிய பதினான்கு பாடல்களில் எனக்கு ஆறு மிஞ்சியது இப்படித்தான்.

படி 5: பாடல்களைத் தெரிந்தெடுத்து வரிசைப்படுத்துங்கள்

கேசட் காலத்தில் ஏ பக்கம், பி பக்கம் என்று ஆல்பத்துக்கு ஒரு நடுப்பகுதி இருந்தது. திருப்பிப் போடும் அந்த நிமிடமே ஒரு இளைப்பாறுதல். இப்போது ஒவ்வொரு பாடலும் தனியாகவே கேட்கப்படுகிறது என்பார்கள். இருந்தாலும் வரிசை முக்கியம் என்றே நம்புகிறேன். உபவாச ஜெபத்தன்று முழு ஆல்பத்தையும் ஓடவிட்டு முழங்காலில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஆராதனை எப்படி நகர்கிறதோ அப்படி அமையுங்கள்: அழைப்பு, துதி, அறிக்கை, விண்ணப்பம், வாக்குத்தத்தம். எல்லாமே மெதுவான பாடல்களாக இருந்தால் ஒன்றையாவது 6/8 தாளத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். தபேலாவோ டோலக்கோ கைக்கு வந்துவிட்டால் கிராமத்துச் சபையும் வாங்கிக்கொள்ளும்.

வெறும் வெற்றிப் பாடல்களாக அடுக்காதீர்கள். சங்கீத புத்தகத்தில் புலம்பல் நிறைய இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து நேராக ஆராதனைக்கு வந்தவருக்கும் ஒரு பாடல் வேண்டும்.

படி 6: ஸ்டூடியோவுக்கு முன் ஒப்பந்தம்

நம் ஊரில் கீபோர்டு புரோகிராமிங் செய்பவரே பெரும்பாலும் இசை ஒழுங்கும் செய்வார். அவரிடம் வாய்மொழியாகப் பேசி முடிப்பதுதான் வழக்கம். சகோதரர்தானே என்று விட்டுவிடாதீர்கள். சகோதரர் என்பதாலேயே எழுதிவையுங்கள், உறவு காப்பாற்றப்படும்.

ஒரு பக்கத் தாளில் இவை போதும்: பாடல் வரியும் மெட்டும் யாருடையது, ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் யார், தொகை எத்தனை தவணை, எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், வேலை முடிந்ததும் எந்தெந்தக் கோப்புகள் உங்கள் கைக்கு வரும். கடைசி விஷயத்தை நான் கேட்காமல் விட்டேன். பதிவு செய்த இடத்தில் ஹார்டு டிஸ்க் பழுதானது, வேறு பிரதி எடுக்கப்படவில்லை. ஒரு பாடலின் தனிக் குரல் பதிவு முழுவதும் போய்விட்டது. அன்று பாடிய என் தாயார் இப்போது இல்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் பதிவு முடிந்தவுடன் உங்கள் சொந்த டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டுதான் வெளியே வாருங்கள். இறுதியில் ஒவ்வொரு வாத்தியமும் குரலும் தனித்தனிக் கோப்பாக உங்களிடம் இருக்க வேண்டும்.

படி 7: பதிவு

முதலில் மெட்ரோனோம் என்னும் தாளம் தட்டும் கருவியின் சத்தத்தோடு கிட்டாரும் குரலும் மட்டும் வைத்து ஒரு மாதிரிப் பதிவு செய்யுங்கள். வேகத்தை இங்கேயே முடிவு செய்ய வேண்டும். ஸ்டூடியோவில் உற்சாகத்தில் வேகம் கூடிவிடும். நீங்கள் சபையில் பாடிய பதிவைப் போனில் ஓடவிட்டு அதே வேகத்தை எடுங்கள்.

குரலை வீட்டிலும் பதிவு செய்யலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதற்கு முதுகு காட்டி நின்றால் எதிரொலி குறையும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். சித்திரை வெயிலில் இது தண்டனை என்பதால் ஒரு சரணம் பாடிவிட்டு விசிறியைப் போட்டு இளைப்பாறி அடுத்த சரணத்துக்குப் போங்கள். இன்வெர்டரில் ஓடும்போது சில வீடுகளில் இரைச்சல் பதிவாகும். எதற்கும் பத்து நொடி அமைதியைப் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். குரல் திருத்தும் மென்பொருளை அளவோடு வையுங்கள். வழுவழுப்பான குரலோடு சேர்ந்து பாட மனிதருக்குக் கூச்சம் வருகிறது.

கோரஸுக்குத் தொழில்முறைப் பாடகர்கள் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் சபையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரை அழையுங்கள். பாட்டி ஒருவர், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இருவர் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் நிற்கும் இடத்தை மாற்றி மூன்று முறை பாடவைத்து அடுக்கினால் நிறைந்த சபையாகக் கேட்கும். ஆல்பத்தைக் கேட்பவருக்கு "நானும் பாடலாம்" என்ற துணிவு அந்தக் குரல்களிலிருந்துதான் பிறக்கிறது.

படி 8: கலவையும் இறுதி ஒலியும்

சொல் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் அதன் பிறகு. பாடலை அறியாத ஒருவருக்குக் கேட்கக் கொடுத்து வரிகளை எழுதச் சொல்லுங்கள். தவறிய சொற்களின் இடத்தில் பின்னணியில் நீளும் பேடு ஒலியையோ, எதிரொலி சேர்க்கும் ரீவெர்பையோ குறையுங்கள். இறுதிக் கோப்பின் ஒலி அளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியின் அலகு) அருகிலும், உச்சம் மைனஸ் 1 டெசிபலுக்குக் கீழும் இருந்தால் ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் அதை அதிகம் ஏற்றி இறக்காது. போன் ஸ்பீக்கரிலும் சபையின் சவுண்ட் சிஸ்டத்திலும் கேட்டுப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

படி 9: உரிமைகள்

பயப்பட வேண்டாம், ஆனால் தெரிந்துவைத்திருங்கள். இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி பாடல் வரிக்கும் மெட்டுக்கும் ஆசிரியரின் வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஆகவே வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றைப் புதிதாகப் பாடி வெளியிடத் தடையில்லை. ஆனால் அதற்கு வேறொருவர் அண்மையில் செய்த இசை ஒழுங்கை அப்படியே எடுக்கக் கூடாது.

உண்மையான மதச் சடங்கின்போது ஒரு பாடலைப் பாடுவது உரிமை மீறல் அல்ல என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. எனவே ஞாயிறு ஆராதனையில் யாருடைய பாடலையும் பாடலாம். அதையே பதிவு செய்து தளத்தில் ஏற்றி வெளியிடுவதற்கு இந்த விலக்கை நம்பி இறங்காதீர்கள். ஆங்கில ஆராதனைப் பாடலைத் தமிழாக்கி வெளியிடுவதற்கும் முன் அனுமதி தேவை.

ஏதாவது நிறுவனம் ஆல்பத்தை வாங்கிக்கொள்ள முன்வந்தால் 2012 திருத்தத்தை நினைவில் வையுங்கள். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தமக்குள்ள சம பங்கைச் சட்டப்பூர்வ வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்திட்டாலும் செல்லாது. உரிமையை எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். வரி, மெட்டுக்கான ராயல்டியைத் திரட்ட, பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்குமான பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகலாம்.

படி 10: வெளியீடு

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி எண் வேண்டும். தளங்களுக்கு அனுப்பித்தரும் விநியோக நிறுவனமே அதை ஒதுக்கித்தரும். அட்டைப் படம் 3000க்கு 3000 பிக்சல். பாடலின் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். பொது விற்பனையில் உள்ள தாள லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் ஆயத்தத் தாளத் துண்டை) பயன்படுத்தியிருந்தால், ஒரே ஒலியுள்ள வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதியாதீர்கள். அதே லூப்பைப் பயன்படுத்திய இன்னொருவருடைய பாடல் மேல் உங்கள் பெயரில் உரிமைகோரல் விழும். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்கு விண்ணப்பிக்க, வெளியீட்டு நாளுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே பாடல் அங்கே சேர்ந்திருக்க வேண்டும். நான் நான்கு வாரம் முன்பே அனுப்பிவிடுவேன்.

காலமும் பார்க்க வேண்டும். வாக்குத்தத்தப் பாடல் புத்தாண்டு ஆராதனைக்குப் பயன்பட வேண்டுமானால் நவம்பரிலேயே பாடகர் குழுக்களின் கையில் இருக்க வேண்டும். சிலுவைப் பாடலை லெந்து காலம் தொடங்குமுன் கொடுங்கள், பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம் அல்ல.

படி 11: பாடலை ஒப்படையுங்கள்

வெளியீட்டு விழாவோடு வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இன்னொரு சபையின் கீபோர்டு வாசிக்கும் பையன் சனிக்கிழமை மாலை உங்கள் பாடலைத் தேடும்போது அவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வரியும் கார்டும் ஒரே தாளில், ஆண் குரலுக்கு ஒன்று பெண் குரலுக்கு ஒன்று என இரண்டு சுருதியில் மைனஸ் டிராக் (குரல் இல்லாத இசை மட்டும்), கார்டு வாசித்துக்காட்டும் ஒரு சிறு வீடியோ. இவற்றை இலவசமாகக் கொடுங்கள்.

திரையில் காட்டும் வரிகளை நீங்களே பிரித்துக் கொடுங்கள். "நீர் என்னைக் கைவிட" என்று ஒரு திரை முடிந்து, "மாட்டீர்" என்பது அடுத்த திரையில் வந்ததை ஒரு சபையில் பார்த்தேன். இசை நின்று காத்திருந்த அந்த இரண்டு தட்டுக்கும் முழுச் சபையும் அந்த அரைவாக்கியத்தோடு நின்றது. மூச்சும் பொருளும் முடியும் இடத்தில் வரி முடிய வேண்டும்.

போன் இல்லாதவர்களுக்காக ஆல்பத்தின் எல்லாப் பாடல்களையும் பெரிய எழுத்தில், கண்ணாடி இல்லாமல் வாசிக்கும் அளவில், ஏ4 தாளில் அச்சிட்டு வாசலில் வையுங்கள். எங்கள் சபையில் ஐம்பது பிரதி வைத்தேன். அடுத்த ஞாயிறு ஒன்றும் மீதியில்லை. ஒரு ஆச்சி தன்னுடையதை நான்காக மடித்து வேதாகமத்தில் 30ஆம் சங்கீதம் இருக்கும் பக்கத்தில் வைத்திருந்தார். "விடியுமுன் விடைபெறும்" என்ற வரிக்குக் கீழே பென்சிலில் கோடு போட்டு, ஓரத்தில் தன் மகன் பெயரை எழுதியிருந்தார்.